மூணாவது குட்டி

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெள்ளையம்மா விடியும்போது ஆரம்பித்து பத்து மணிக்குள் ஐந்து குட்டி போட்டுவிட்டாள். ஐந்தும் சுத்த வெள்ளை. நயமான ராஜபாளையம் குட்டிகள். நாய், பறவைச் சாமான் கடையைத் திறக்கவில்லை. சாக்கின் மேல் என் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் போட்டேன். காய்கறித் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்தேன். மூணாவதாக வந்தது தராசுத் தட்டிலேயே மூத்திரம் போனது. திமிர்.

சீனிராசு அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் நாயோடுதான் சேர்த்தது. எங்கள் வட்டாரத்தில் இதற்குக் காசு வாங்க மாட்டார்கள். நாற்பத்தைந்தாம் நாள் ஆண் நாய்க்காரர் வந்து, வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால், தனக்குப் பிடித்த ஒரு குட்டியை எடுத்துக்கொள்வார். அவர் பார்க்கும்போது பெண் நாய்க்காரர் வாயைத் திறக்கக் கூடாது. இதை எடுங்கள் என்றும் சொல்லக் கூடாது, அதை விடுங்கள் என்றும் சொல்லக் கூடாது. எடுத்தது எடுத்ததுதான். மாற்றுப் பேச்சு கிடையாது.

அந்த ஆள் வாசலில் போய் நின்றதற்கு என் வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன செய்வது? ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல ஆண் நாய் அவரிடம்தான் இருக்கிறது. வியாபாரம் வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

ஆகஸ்ட் 14, வியாழன்

குட்டிகள் பால் குடிக்கும்போது பிறாண்டுவதில் வெள்ளையம்மாவுக்கு மடியெல்லாம் கீறல். ஐந்து குட்டிக்கும் நகம் வெட்டினேன். தொண்ணூறு நகம். கண் பூத்துப்போனது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடையில் ஒரு அம்மாள் வந்து தன் சப்பைமூக்குக் குட்டை நாய்க்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டாள். வெளியே தார் உருகுகிறது. அதற்கு மூச்சே ஒழுங்காக வராது, ஸ்வெட்டர் எதற்கு என்றேன். போட்டோ எடுக்கவாம். ஸ்வெட்டர் இல்லை என்று சொல்லி உண்ணி பவுடர் கொடுத்து அனுப்பினேன். நாயின் காது மடலுக்குள் பத்து உண்ணி இருந்தது. அவள் பார்த்ததே இல்லை.

லவ் பேர்ட்ஸுக்குத் தினை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பூச்சி மருந்து கொடுத்தேன். எல்லாம் கண் திறந்தாயிற்று. மூணாவதுக்குப் பூனைக்கண். இரண்டு கண்ணும் நீலம் பூத்து, மூக்கு ரோஸ் நிறத்தில் துளிக்கூட கறுப்பு இல்லாமல். இப்படிப்பட்ட குட்டிக்கு ஆட்கள் அடித்துக்கொள்வார்கள்.

எங்கள் பழைய நாய் சுல்தானுக்கும் இதே கண்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. அடுக்களையில் என் கை தவறி எவர்சில்வர் தாம்பாளம் விழுந்தது. நாலு குட்டிகள் துள்ளி எழுந்து தாயிடம் ஓடின. மூணாவது அப்படியே தூங்கியது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு அதை மட்டும் தூக்கி முன்னறையில் தனியாக விட்டேன். கூட்டத்தில் இருந்தால் மற்றதைப் பார்த்து இதுவும் திரும்பும், அதனால் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பின்னால் போய்த் தட்டினேன். விசில் அடித்தேன். சாவிக்கொத்தைக் குலுக்கினேன். அது பாட்டுக்குத் தன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

செவிடு. பிறவிச் செவிடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு வருஷமாகக் கும்பிட்ட தெய்வம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

சீனிராசுதான் எங்களுக்குச் சுல்தானை விற்றார். கூப்பிட்டால் வரவில்லை என்று கேட்டதற்கு, "இந்த ஜாதிக்குக் கொஞ்சம் திமிரும்மா, வளர வளரச் சரியாகும்" என்றார். நம்பினோம். தீபாவளி வெடிக்குக்கூடப் பயப்படவில்லை, வீரன் என்று தெருவெல்லாம் பெருமையடித்தோம். ஒரு நாள் காலையில் அவன் மதுரை ரோட்டில் குறுக்கே போனான். லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். சுல்தான் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரர் பாய்ந்தார். நாய் போனது. மினி பஸ் டிரைவராக இருந்த என் மனுஷனுக்கு வலது காலில் கம்பி வைத்து, இன்றைக்கும் மாடிப்படி ஏற முடியாது. கூப்பிட்டால் வராதது, வெடிக்கு அசையாதது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறவியிலேயே காது கேட்காத நாய் என்று பிறகு மாட்டு டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். சீனிராசுவிடம் போய்க் கேட்டேன். "பார்த்துத்தானம்மா வாங்குன?" என்றார். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் மனுஷனின் பெண்டாட்டியிடம்.

இந்தக் குட்டியை அந்த ஆள் கையாலேயே எடுக்க வைக்கிறேன். செவிட்டுக் குட்டியைத் தேடி எடுத்தவர் என்று நாய்க்காரர்கள் மத்தியில் அவர் மூக்கு உடையட்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சும்மா விட்டால் எடுக்க மாட்டார். முதலில் தட்டிப் பார்ப்பார். அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. காது கேட்காத குட்டி கண்ணால்தான் உலகத்தைப் பார்க்கிறது. நான் எங்கே போனாலும் மூணாவதின் கண் என் மேலேயே இருக்கிறது. அதனால் இப்படிப் பழக்குகிறேன்: நான் மூக்குத்தியைத் தொடுவேன். உடனே அதன் முதுகுக்குப் பின்னால் அவித்த முட்டைத் துண்டு ஒன்றை எறிவேன். சீக்கிரமே மூக்குத்தியைத் தொட்டாலே திரும்பிப் பார்க்கும். சீனிராசு பின்னால் நின்று தட்டும்போது நான் எதிரே நின்று மூக்குத்தியைத் தொட்டால் போதும். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே முறை, மூக்கைத் தொடக் கூடாது என்று யார் சொன்னது?

செப்டம்பர் 9, செவ்வாய்

பத்துக்கு ஆறு தடவை திரும்புகிறது. முட்டை மஞ்சள் கரு கொடுத்தால் வயிறு இளகுகிறது. வெள்ளை மட்டும்.

மற்ற நாலும் கேழ்வரகுக் கூழ் குடிக்கப் பழகிவிட்டன. தட்டுக்குள்ளேயே நாலும் குளிக்கின்றன.

செப்டம்பர் 13, சனி

வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், நான் மூக்கைத் தொடுவதையும் குட்டி திரும்புவதையும் எத்தனை நேரம் பார்த்தாரோ தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கென்ன பயம்? அவருக்காகத்தானே செய்கிறேன்.

தங்கப்பழம் என்று பெயர் வைத்ததற்கேற்ற குணம். கோபமே வராது. கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரி பேச்சி, அந்த ஆளு மூக்கு உடையுது. குட்டிக்கு என்ன ஆகும்?"

உலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பத்துக்குப் பத்து.

செப்டம்பர் 18, வியாழன்

மூணாவது மற்றதோடு படுப்பதில்லை. நான் கடையில் உட்கார்ந்தால் என் காலின் மேல் வந்து படுக்கிறது. நான் எழுந்தால் கால் அசைவதில் அதற்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. சொல்லாமல் விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்ற பயம். பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்றுதான் காலின் மேல் படுக்க விடுகிறேன். அரை மணி நேரம் மரத்துப்போன காலோடு நாய்க் கழுத்துப் பெல்ட் விற்றேன்.

இரண்டு பேர் குட்டி கேட்டு வந்தார்கள். அண்ணாச்சி முதல் குட்டி எடுத்த பிறகுதான் காட்டுவேன் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

குட்டிகளுக்குப் பெயர் வைக்கவில்லை. போகிற குட்டிக்குப் பெயர் வைத்தால் நமக்குத்தான் கஷ்டம்.

செப்டம்பர் 24, புதன்

சீனிராசு வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, விரலில் புல்லட் சாவி. வீட்டுக்காரரைப் பார்த்து, கால் எப்படி இருக்கு தம்பி என்று விசாரித்தார். படுபாவிக்கு நாக்கு எப்படி வருகிறதோ. வீட்டுக்காரர் பரவாயில்லை அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்து குட்டிகளையும் முற்றத்தில் விட்டேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கினார். பல் பார்த்தார், வாலைப் பிடித்துப் பார்த்தார், கால் எலும்பை நீவிப் பார்த்தார். நான் தூணோரமாக நின்றேன். மூணாவதைத் தூக்கிக் கண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கீழே விட்டார். அது என்னைப் பார்த்து வந்தது. அவர் பின்னால் இருந்து சாவியைக் குலுக்கினார். மூக்குத்தியைத் தொட்டேன். சடாரென்று திரும்பியது. மறுபடியும் குலுக்கினார். மறுபடியும் திரும்பியது. முட்டை கிடைக்காமல் தரையை மோந்து தேடியது.

இதையே எடுத்துக்கிறேம்மா என்றார். துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் தடுப்பூசிச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். கடையிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு பெல்ட்டையும் கொடுத்தேன். அது எதற்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

புல்லட் தெரு முனை திரும்பும் வரை அது என்னையே பார்த்துக்கொண்டு போனது. ஜெயித்துவிட்டேன். இன்று பாயசம் வைத்தேன். வீட்டுக்காரர் தொடவில்லை. எனக்கும் தித்திப்பு அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 27, சனி

போன் வரவில்லை. மூன்று நாளில் தெரியாமலா இருக்கும்?

அக்டோபர் 1, புதன்

இன்னும் இல்லை. வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார். உள்ளுக்குள் வேகட்டும். நாலு குட்டியும் நல்ல இடத்துக்குப் போய்விட்டன. ஒவ்வொருவரிடமும் நானே தட்டைத் தட்டிக் காட்டித்தான் கொடுத்தேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. கடையில் உட்கார்ந்தால் கால் சில்லிட்டுப்போகிறது.

அக்டோபர் 8, புதன்

போன் வந்தது. சீனிராசு இல்லை.

சாத்தூரிலிருந்து ஆக்னஸ் என்று ஒரு டீச்சர். பெல்ட் சின்னதாகிவிட்டது, அடுத்த அளவு வேண்டும், உங்கள் கடையில்தான் வளர்ந்த குட்டி என்று சீனிராசு சார் நம்பர் கொடுத்தார் என்றாள். எந்தக் குட்டி என்று கேட்டேன். நீலக் கண், சிவப்பு பெல்ட் என்றாள். எப்போது வாங்கினீர்கள் என்றேன். செப்டம்பர் இருபத்தைந்து.

ஒரே ஒரு நாள்தான் வைத்திருந்திருக்கிறார்.

டீச்சர் நல்ல மாதிரி. மகள் ஜெனிக்கு ஆறு வயசு, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாயோடுதான் இருக்கிறாள், வீட்டு வாசலில் இறங்கினாலே நாலு வழிச் சாலை, அதுதான் நல்ல பெல்ட்டாகக் கேட்கிறேன் என்றாள். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இங்க இப்பவே வெடி போட ஆரம்பிச்சுட்டாங்க. இவன் அசையவே மாட்டேங்கிறான் பாருங்க. அவ்வளவு தைரியம்."

அப்படியா என்றேன். பெல்ட் அளவை எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

முதல் பஸ்ஸில் ஏறி சீனிராசு தோப்புக்குப் போனேன். வரிசையாகக் கம்பிக் கூண்டு, கூண்டுக்கு ஒரு நாய். நாற்காலி எடுத்துப் போட்டார். பையனிடம் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். எனக்குத் தாகமில்லை என்றேன். மூணாவது குட்டி எங்கே என்றேன்.

அவர் சிரித்தார். கோபமாகச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சொந்தக்காரர்களோடு சிரிப்பது மாதிரி சிரித்தார்.

"நீ மூக்குத்தியத் தடவுனத நான் பாக்கலன்னா நெனச்ச? தூக்கிப் பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. பூனைக்கண்ணு வேணும்னு நிக்கிறவுக கண்ணைத்தான் பாப்பாக. காதையா பாப்பாக?"

தெரிந்தே எடுத்தீர்களா என்று கேட்டேன். பின்னே, ஐந்தில் நல்ல விலைக்குப் போகிற குட்டி அதுதானே என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, பாராட்டுகிற குரலில் சொன்னார்.

"பொம்பள ஆளு, இம்புட்டு நேக்கா செய்வன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இனி நீயும் நம்ம ஆளுதான்."

எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வருஷம் நெஞ்சுக்குள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் அந்த ஆள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. செவிட்டுக் குட்டி அவருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். அவருக்கு எந்தக் குட்டியும் நஷ்டமில்லை. யாராவது ஒரு பேச்சி, யாராவது ஒரு டீச்சர் வாங்கிக்கொண்டு போவாள். இது தெரியாத மடச்சி, நானே பழக்கி, நானே தடுப்பூசி போட்டு, நானே பெல்ட் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ போய் டீச்சரிடம் சொன்னால் அந்தம்மா உன்னைத்தான் காறித் துப்புவாங்க என்றார். சொல்லாவிட்டால் என்று கேட்டேன். அவர் தன் காலைக் காட்டினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

சாத்தூருக்குப் போய்வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வழி பிரமாதமாக இருந்தது. சீனிராசு எங்களையும் இப்படித்தான் ஏமாற்றினார், என் வீட்டுக்காரர் காலைப் பாருங்கள், உங்கள் குட்டியும் செவிடு, தெரிந்தேதான் விற்றார், வாருங்கள் சேர்ந்து புகார் கொடுப்போம். அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த ஆள் மாட்டுவார், நான் நல்லவளாக இருப்பேன். சிவகாசி தாண்டியபோது மனசு லேசாகிவிட்டது. எதிர் சீட்டு அம்மாளிடம் வெள்ளரிப்பிஞ்சுகூட வாங்கித் தின்றேன்.

வீட்டைக் கண்டுபிடித்துக் கேட்டைத் திறந்ததும் மூணாவது என்னைப் பார்த்துவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து என் காலின் மேல் படுத்துக்கொண்டது. அளவில் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. ஜெனி என்ற அந்தப் பிள்ளைக்கு ஆச்சரியம், யாரிடமும் இப்படிப் படுக்க மாட்டானே என்றாள். வீரா என்று பெயர் வைத்திருக்கிறாள். கூப்பிட்டால் மட்டும் வர மாட்டான், கொஞ்சம் திமிர் என்றாள். கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் பத்து அடி இருக்கும். லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

பிள்ளையை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு டீச்சரிடம் சொன்னேன். காது கேட்காது என்றதும் நம்பவில்லை. எழுந்து போய் ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துவந்து, நாயின் தலைக்குப் பின்னால் ஓங்கி அடித்தாள். என் காலின் மேல் அது நிம்மதியாகக் கண்ணை மூடிக் கிடந்தது. டீச்சர் இரண்டாவது தடவை அடிக்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நேற்றைக்கு ஜெனி இவனைக் கயிறு இல்லாமல் ரோட்டோரம் கூட்டிப்போனாள் என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு நான் யோசித்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். சீனிராசு, சுல்தான், லாரி, கால். டீச்சர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு, இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்றாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுந்து வந்திருக்கலாம்.

அவள்தான் கேட்டாள், குட்டி உங்கள் வீட்டில்தானே வளர்ந்தது, உங்களுக்கு எப்போது தெரியும் என்று. சாதாரணமாகத்தான் கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை.

"இருபத்தோராம் நாளே தெரியும் டீச்சர். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

மூக்குத்தியைத் தொட்டுப் பழக்கியதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் கை மேல் இருந்த அவள் கை விலகியது. சண்டை போடுவாள் என்று பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இரண்டு வருஷமாக அப்படித்தான் நான் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இது யார் வீட்டுக்குப் போகும்னு ஒரு தடவ நெனச்சீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை என்றேன்.

குட்டியைத் திருப்பிக் கொடுங்கள், நான் வளர்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொடுத்த பணத்தை நானே தருகிறேன் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். எழுதுவதில் வெட்கம் என்ன. அவள் குனிந்து அதை என் காலிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை கொடுத்தீர்களே அது போதும் என்றாள். எப்படிப் பழக்க வேண்டும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது, கூப்பிட வேண்டுமென்றால் முன்னால் போய் நின்று கண்ணில் பட வேண்டும், கயிறு இல்லாமல் கேட்டைத் தாண்டவே கூடாது, எல்லாம் சொன்னேன். கடைசியில் புகார் எழுத இன்னொரு தாள் எடுத்தாள். உங்கள் பெயரும் வரும் என்றாள். முழுப் பெயரையும் கடை விலாசத்தையும் நானே சொன்னேன். முத்துப்பேச்சி, கணவர் பெயர் தங்கப்பழம்.

"பெல்ட்டை வச்சுட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

புது பெல்ட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். கேட்டை மூடும்போது அது பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை எங்கேயும் கொண்டுபோகவில்லை. இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் போய் எழுதிக் கொடுத்தேன். சுல்தானுக்கு மாட்டு டாக்டர் கொடுத்த சீட்டையும் வைத்தேன். தோப்பில் போய் ஒவ்வொரு நாயாகத் தட்டிப் பார்த்தார்களாம், கேட்காத நாய் இன்னும் மூன்று இருக்கிறதாம். விற்க வைத்திருந்த குட்டிகளை எல்லாம் விற்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

மத்தியானம் சீனிராசு போன் செய்தார். மூச்சு வாங்கியது. கூடச் சேர்ந்து செய்துவிட்டு இப்போது காட்டிக் கொடுக்கிறாயா, உன் பெயரும் அதில் இருக்கிறதே, பைத்தியமா உனக்கு என்று கத்தினார்.

"என் பேரு இல்லாம உங்க பேர மட்டும் எழுத முடியல அண்ணாச்சி" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

இதற்காகத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம் நன்றாக இருந்தது.

சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்ததும் இவர், குட்டி நல்ல இடத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, பிள்ளையும் தாயும் தங்கமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"அப்ப ஒரு நாள் ரெண்டு பேருமாப் போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்றார்.

நான் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்றேன்.